பெருமாநல்லூரிலிருந்து போன் பண்ணியவருக்கு

நீங்க கேட்டது ஒரே கேள்விதானுங்க:
"மாற்றுத்திறனாளிங்கள வெச்சு வேலை ஓடுமா?"
அப்பப் பாத்துக் கரண்டு போச்சு.
நாப்பது மெசினும் மூச்சடக்கி நிக்க,
பதில் சொல்லச் சித்த நேரம் கெடைச்சுது.
சொல்ல வரலை.
அதனால எழுதறேன்,
பில் புக்கோட பின்பக்கத்துல.

மோகனப்பிரியாவை நான் எடுத்தது
புண்ணியத்துக்கு இல்லை.
காது கேக்காத புள்ளை,
பக்கத்து மெசினோட கதை பேசாது,
பீஸ் கூட வருமுன்னு ஒரு கணக்கு.
கணக்கு மொத நாளே கவுந்துபோச்சு.
ஒரு கையை மடிச்சுத் தெச்சு
அடுத்த கையை எடுக்கற நொடிக்குள்ள
அது ஒரு கதை முடிச்சிருது.
புருவத்துல கேக்குது. விரல்ல சிரிக்குது.
ஓவர்லாக் இரைச்சலுக்கு மேல கத்திக் கத்தித்
தொண்டை கட்டுன மத்தவளுக
ஆறே மாசத்துல கைப்பேச்சுக் கத்துக்கிட்டாளுக.
இப்ப இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும்
சத்தமில்லாம வம்பு பறக்குது.
முக்காவாசி என்னைப் பத்தித்தான் இருக்கோணும்.
எனக்கு மட்டும் இன்னும் புரியறதில்லை.

மொதச் சனிக்கிழமை, சம்பளக் கவர்.
எண்ணிப் பாத்துச்சு.
தெய்வாத்தாளோட கவரை வாங்கி
அதையும் எண்ணுச்சு.
எம்பட பேனாவை எடுத்து
ரெண்டு கவருக்கும் நடுவுல, டேபிள் மேலயே,
ரெண்டு கோடு போட்டுச்சு: சமக்குறி.
அப்புறம் எம் மூஞ்சியைப் பாத்துச்சு.
சன்மைக்கா டேபிள்தான், தொடைச்சாப் போயிரும்.
கொறைச்ச பணத்தைக் குடுத்தேன்.
கோட்டைத் தொடைக்கலீங்க.

தீ ஒத்திகைக்கு மணி அடிச்சோம்.
எல்லாரும் வாசல்ல.
தல எண்ணுனா ஒண்ணு கம்மி.
உள்ள
ஒத்தை மெசின் ஓடற சத்தம்.
அன்னிக்குப் பொழுதோடவே
செவப்பு பல்பு நாலு வாங்கிட்டு வந்து மாட்டுனோம்.

சென்னியப்பன் பேக்கிங் செக்சன்.
ஊத்துக்குளியில இருந்து
மூணு சக்கர ஸ்கூட்டர்ல வருவாரு.
அவருக்குன்னு வாசல்ல சாய்தளம் கட்டி
போட்டோ எடுத்துப் பையருக்கு அனுப்பி
சபாசுகூட வாங்கிட்டேன்.
நாலு மாசம் அவரு டீ குடிக்கலை.
"வேண்டாமுங்க."
பால் ஆகாதாட்ட இருக்குதுன்னு
வரக்காப்பி குடுக்கச் சொன்னேன்.
"அதும் வேண்டாமுங்க."
சித்திரை வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ,
தண்ணி பாட்டல் மூடி தொறக்காமயே இருந்துச்சு.
ஒரு நாள் அட்டைப்பெட்டி மேல மயங்கிச் சாஞ்சாரு.
ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுக்குத்
தரையப் பாத்துட்டுச் சொன்னாரு:
"கக்கூஸுக்கு ரெண்டு படி இருக்குதுங்க."

ரெண்டே படி.
பன்னெண்டு வருசமா
நாளைக்கு மூணு தடவை ஏறி எறங்கறேன்.
அது படின்னே எனக்குத் தெரியலை.
"ஏனப்பா சொல்லலை?"ன்னு கேட்டுப்போட்டேன்.
ஆபீஸ் ரூம் மாடியில இருக்குதுன்னு
கேட்ட பொறவுதான் ரோசனை வந்துச்சு.

இன்னொரு பையன் இருந்தான், போலியோ கால்.
ஒரே மாசத்துல நின்னுட்டான்.
பனியன் வேலை புடிக்கலையாம்,
செல்போன் கடைக்குப் போறானாம்.
இவங்களே இப்படித்தான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.
அதே மாசம் நல்லாக் கால் இருக்கற ஏழு பேரு
சொல்லாமக் கொள்ளாம நின்னது
அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு.

பிரச்சினை வருமான்னு நீங்க கேக்கலை,
ஆனாக் குரல்ல இருந்துச்சு.
வருமுங்க.
எங்கிட்ட வந்ததுல முக்காலும்
நான் கட்டி வெச்சது.

அரசாங்க மானியம், பாரம், கையெழுத்து,
அதெல்லாம் எங்க கணக்கர் சொல்லுவாரு.
நீங்க இப்ப ஒண்ணு பண்ணுங்க.
கட்டிங் மாஸ்டர்கிட்ட டேப்பை வாங்கிட்டு
உங்க கம்பெனிக் கக்கூஸ் வாசலை அளந்து,
படி எத்தனைன்னு எண்ணி,
எனக்குத் திருப்பிப் போன் பண்ணுங்க.
டீ நேரத்துல பண்ணுங்க.
பல்பு எரிஞ்சா மெசின் நிக்கும்,
அப்பத்தான் எனக்குக் காது கேக்கும்.